தனிக்கு எழுந்து போகிறவர்கள்

நான் மதராஸுக்குப் போனது கைலி வாங்க. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திருவள்ளூரில் ஒருவரும் நம்பவில்லை. பினாங்கிலிருந்து ஒருவன் கப்பலேறி வருகிறான் என்றால் அவன் பாட்டுக் கேட்கத்தான் வருகிறான் என்று அங்கே முடிவு கட்டிவிட்டார்கள். எனக்குப் பாட்டில் பெரிய ஈடுபாடு கிடையாது. தோடிக்கும் தன்யாசிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் முழிப்பேன். ஈடுபாடெல்லாம் என் அண்ணனுக்கு.

அப்பா அவரைச் சின்ன வயதிலேயே மிருதங்கம் கற்றுக்கொள்ள இந்தியாவுக்கு அனுப்பினார். திருவள்ளூர்ப் பக்கம் ஒரு வாத்தியாரிடம் தங்கிக் கற்றுக்கொண்டு, கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். அப்பா காலமானதும் எங்கள் கைலிக் கடையைப் பார்க்க ஆள் இல்லாமல் பினாங்குக்குத் திரும்பி வந்தார். மிருதங்கம் பரண்மேல் ஏறியது. "இந்தியாவுக்குப் போய் என்னத்தைக் கிழிச்சே?" என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். அண்ணன் பாட்டுக்குக் கைலி மடித்துக்கொண்டிருப்பார். போன வருஷம் வலது கை விழுந்துவிட்டது. பேச்சு நன்றாக வரும். பேசத்தான் மாட்டார்.

நான் கிளம்புகிற அன்று கூப்பிட்டார். "திருவள்ளூர்ல ஒரு கல்யாணம். பாகவதர் கச்சேரி. அதுல எனக்குத் தனி கொடுத்தாங்க. பாஷ்யம்னு ஒருத்தர் டேப்ல எடுத்தாரு. நான் கேட்டதே இல்லை. ஒருதரம் கேக்கணும்."

அவர் என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். அதனால்தான் போனேன்.

கச்சேரி வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்று. நடுவில் பாடுகிறவர் நிறுத்திக்கொண்டு மிருதங்கக்காரரைத் தனியாக வாசிக்க விடுவார். அதுதான் தனி. அது பாட்டின் எடுப்பில், அதாவது பாட்டு தொடங்குகிற தாள இடத்தில், வந்து முடியும்; அங்கே பாடகர் பாட்டை மறுபடி பிடித்துக்கொள்ள வேண்டும். சபையில் முக்கால்வாசிப் பேருக்கு அது காப்பி குடிக்கப் போகிற நேரம். மற்ற நேரங்களில் மைக் பாகவதர் வாய்க்கு நேராக இருப்பதால் மிருதங்கம் அடுத்த தெருவில் யாரோ மாவு இடிப்பதுபோலத்தான் கேட்கும். தனியின்போது மட்டும் மைக்கைத் தன் பக்கம் திருப்பி வைத்தார்கள் என்று அண்ணன் சொல்லியிருந்தார். ஆக, எனக்கு வேண்டியது அந்த ஒரு துண்டு.

திருவள்ளூருக்கு நான் போய்ச் சேர்ந்தது தை அமாவாசை அன்று. அதைவிட மோசமான நாளை ஆண்டு முழுவதும் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஸ்டேஷனிலிருந்து கோயில் குளம்வரை தலைகளாகத் தெரிந்தன. ஆளுக்கொரு வெல்லக்கட்டியைக் குளத்தில் கரைத்துக்கொண்டிருந்தார்கள். கரைத்தால் நோய் கரையுமாம். என் பங்குக்கு நானும் ஒரு கட்டி வாங்கி அண்ணன் கையை நினைத்துக்கொண்டு போட்டேன். பின்னாலிருந்து ஒரு அம்மாள், "நவுரு நைனா, கரைச்சாச்சில்ல? இன்னும் இன்னா வேடிக்க பாக்கறே?" என்று இடித்துத் தள்ளினார். எங்கள் பினாங்குத் தைப்பூசத்திலும் கூட்டம் உண்டு. ஆனால் இடிக்கிறவர்கள் ஒரு 'சாரி' சொல்வார்கள்.

பாஷ்யம் அய்யங்கார் கோயிலில் கைங்கரியம் செய்கிறவர். குளத்துக்குப் பின்னால் இருந்தது வீடு. அமாவாசைக் கூட்டத்தைச் சமாளித்துவிட்டுச் சாயங்காலம்தான் வந்தார். தொண்டை கட்டிப் போயிருந்தது. ஆனாலும் நான் யார் என்று தெரிந்த உடனே முகம் மலர்ந்துவிட்டது.

"அந்த பினாங்குப் பையனோட தம்பியா? வாங்கோ வாங்கோ. உக்காருங்கோ. முதல்ல இதைக் கேளுங்கோ."

"ஸ்வாமி, எனக்கு அந்தக் கல்யாணக் கச்சேரி மட்டும் போதும்."

"போதும்னா எப்படி? இதைக் கேக்காம அதைக் கேட்டா என்ன புரியும்?"

இந்த டேப்காரர்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. காசு பேசக்கூடாது. இரண்டு புது ஸ்பூல் கொண்டு போக வேண்டும். ஒன்று அவருக்கு. இன்னொன்றில் உங்களுக்கு வேண்டியதைப் பதிந்து தருவார். ஆனால் அதற்கு முன்னால் அவர் போடுகிறதை உட்கார்ந்து கேட்டு அபிப்பிராயம் சொல்ல வேண்டும். 'நன்றாக இருக்கிறது' செல்லாது. ஏன் நன்றாக இருக்கிறது என்று கேட்பார். நான் ஒரு தடவை, "குரல் கணீர்னு இருக்கு," என்றேன். "அன்னிக்கு அவருக்கு ஜுரம் ஓய்!" என்று டேப்பைத் திருப்பி முதலிலிருந்து போட்டார்.

அவர் மனம் குளிரட்டும் என்று நான் கொண்டுவந்திருந்த டேப்பைக் கொடுத்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் தைப்பூசத்துக்கு எடுத்த நாதஸ்வரம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஒத்து ஊதறவனுக்கு ஜலதோஷமா?" டேப் என் பைக்கே திரும்பியது.

இரவுச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். சாத்தமுது என்று அவர்கள் சொன்ன ரசமும் பருப்பும் அமிர்தமாக இருந்தன. பாஷ்யத்தின் மனைவியிடம் அதைச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான்.

ஒருவழியாகக் கல்யாண டேப் வந்தது. விளக்கெல்லாம் மங்கி எரிகிற நேரம். கரண்டு இறங்க இறங்கப் பாகவதர் குரலும் இறங்கியது. பாஷ்யம் மட்டும் விசிறிக்கொண்டே "ஆஹா" போட்டுக்கொண்டிருந்தார். பெரிய பாட்டு வந்தது, ஸ்வரம் வந்தது, நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். ஒரு 'டக்' கேட்டது. பாகவதர் பாட்டை முடித்து மங்களத்துக்குப் போய்விட்டார்.

"தனி எங்கே ஸ்வாமி?"

"தனியா? அதை யார் கேக்கப்போறா?"

என் முகத்தைப் பார்த்து அவருக்கே சங்கடமாகப் போயிருக்க வேண்டும். "இருந்தது ஓய். நான்தானே எடுத்தேன்? எல்லாரும் தனிக்கு எழுந்து பந்திக்குப் போயிட்டா. எனக்கும் பசி. ஆனா மிஷின் பழவேற்காட்டு பாயோடது. விட்டுட்டு நகர முடியலை. அதனால அது பாட்டுக்கு ஓடித்து."

"அப்புறம்?"

"கவரப்பேட்டைல நாயுடுன்னு ஒருத்தன். ஃபாக்டரி ஃபோர்மேன். டேப்பை ஒட்டறதுல கெட்டிக்காரன். குழந்தை அழறது, பந்தில வாளி விழறது, இந்தச் சத்தத்தையெல்லாம் எடுத்துத் தரேன்னு வாங்கிண்டு போனான். எடுத்தான். தனியையும் சேர்த்து வெட்டிட்டான்."

"நீங்கள் ஒன்றும் கேட்கவில்லையா?"

"அவனோட நான் பேசறதே இல்லை. தனிக்காக இல்லை, சுருதிக்காக. பாகவதர் ஒண்ணரைக் கட்டை. அவன் மிஷின் வேகமா ஓடறது. அதுல ரெண்டரைக் கட்டை பாடறார். அதுதான் சரின்னு சாதிக்கறான். பாகவதர் என்ன, பொம்மனாட்டியா?" என்றவர் சட்டென்று எழுந்தார். "நாளைக்குப் போறேளா? நானும் வரேன். சுருதிப்பெட்டியை எடுத்துண்டு வந்து அவன் மூஞ்சிக்கு நேரா ஊதறேன்."

இப்படியாக என் அண்ணனின் தனியைத் தேடும் வேலையில் இவர்கள் கட்டைச் சண்டையும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் பஸ். ஊத்துக்கோட்டை வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்றார் பாஷ்யம். சொன்னபடி ஊத்துக்கோட்டைவரை போனது. ஆற்றைத் தாண்டியதும் எஞ்சினிலிருந்து புகை வந்து நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, "பேஜாரா பூட்ச்சிப்பா. தண்ணி ஊத்துனாத்தான் கெளம்பும்," என்று பீடி பற்றவைத்தார். தண்ணீர் யார் கொண்டு வருவது என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மரத்தடியில் பாஷ்யம் தூக்கைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டார். வெளியே எதையும் தொடமாட்டார். நான் எதிரே இருந்த கடையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். வடகறிக்காக அந்த பஸ்ஸை மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. மரத்தடியில் பாஷ்யத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் அவர் மடியிலிருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சாமி பொட்டி அது?"

"சுருதிப்பெட்டி."

"அப்ப சும்மா இன்னாத்துக்கு குந்திக்கினு கீறே? பாடு. வண்டி கெளம்புதா பாக்கலாம்."

பாஷ்யம் கிண்டலைக் கவனிக்கவில்லை. ஒன்றரைக் கட்டைக்குச் சாவியைத் திறந்து ஊதி, பாகவதர் பாடியது இதில்தான் என்று அவருக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். அந்த ஆள் எழுந்து போய் ஆற்றில் தண்ணீர் மொண்டு வந்து எஞ்சினில் ஊற்றினார். அந்தப் பயணத்தில் சங்கீதத்தால் விளைந்த முதல் நன்மை அது.

கவரைப்பேட்டையில் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் வானத்தில் புகைக்கோடுகள். லாரிகள் கம்பி ஏற்றிக்கொண்டு போயின. கம்பி அதிர்ந்து எழுப்புகிற சத்தம் ஒருபக்கம், பாஷ்யம் ஒருபக்கம். நாயுடு ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஒடிசலான ஆள், சட்டைப் பையில் ஸ்கேல், காதில் பென்சில். பாஷ்யத்தைப் பார்த்ததும் துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்தார்.

"வாங்க சார்," என்றார் என்னிடம். "சாமியையும் குந்தச் சொல்லுங்க."

"நான் உக்காரத்துக்கு வரலைன்னு சொல்லுங்கோ," என்றார் பாஷ்யம் என்னிடம், உட்கார்ந்துகொண்டே.

நடுவில் நான். ஒரே தமிழில் பேசுகிற இரண்டு பேருக்குத் துபாஷி வேலை பார்த்தவன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். நாயுடுவும் சட்டம் தவறாதவர். தேடி வந்த காரியத்தைச் சொல்ல விடாமல், "மொதல்ல இதக் கேளுங்க சார்," என்று ஒரு ஸ்பூலை மாட்டினார். பாகவதர் உண்மையிலேயே மேலே ஏறிப் பாடினார். பாஷ்யம் சுருதிப்பெட்டியை அமுக்கினார். நாயுடு சத்தத்தைக் கூட்டினார். பாஷ்யம் இன்னும் பலமாக அமுக்கினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து போய் மிஷினை நிறுத்தினேன்.

"நாயுடு, அந்தத் தனி எங்கே?"

"எந்தத் தனி?"

"கல்யாண டேப்பில் நீங்கள் வெட்டியது."

"ஓ, அதுவா? அது ஸ்க்ராப் சார்." கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சொன்னார். "எங்க ஃபாக்டரில கம்பி உருட்டி வந்திச்சின்னா ரெண்டு முனையும் கோணலா இருக்கும். அறுத்துப் போட்டாத்தான் லாரில ஏத்துவோம். அந்த மாரிதான். ஆளு எந்திரிச்சி பூட்ற எடத்த வெச்சிகினு இன்னா பண்றது?"

"நடுவில் இருக்கிறதை அறுப்பீர்களா? அது என் அண்ணன் வாசித்தது. அவருக்கு இப்போது கை விழுந்துவிட்டது. அவர் வாசித்ததற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி அது."

கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. நாயுடு காதிலிருந்து பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தெரியாது சார். தூக்கிப் போடல. எங்க அத்தகிட்ட கீது."

"அத்தை பாட்டுக் கேட்பார்களா?"

"அத்த கேக்காது. குருவிதான் கேக்குது," என்றார்.

அது என்ன என்று மறுநாள் காலையில் தெரிந்தது. நாயுடுவின் மாமியார் ராஜம்மாவுக்கு ஊருக்கு வெளியே கொஞ்சம் நெல் இருந்தது. கதிர் பிடித்து நின்றது. வயலைச் சுற்றிலும் குறுக்கிலும் குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி பழுப்பு நிறத்தில் நாடா இழுத்துக் கட்டியிருந்தது. கடல் பக்கமிருந்து காற்று வந்தபோது வயல் முழுவதும் 'உம்'மென்று முனகியது. வெயிலில் பளபளத்தது. ஒரு குருவி இல்லை.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. பிறகு வந்த கோபத்தில் செருப்போடு வயலில் இறங்கி ஒரு குச்சியைப் பிடுங்கினேன்.

"யோவ்! கதிர மெரிக்காத! இன்னாய்யா பண்றே?" ராஜம்மா வரப்பில் ஓடி வந்தார். "மருமவனே, யாரு இந்த ஆளு? கூட ஒரு அய்யர வேற இட்டாந்துகீறே?"

"நான் அய்யர் இல்லேம்மா," என்றார் பாஷ்யம்.

"இது என் அண்ணன் மிருதங்கம் வாசித்த டேப், அம்மா," என்றேன்.

அவர் நாடாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்பிடியா? நல்லாத்தான் வாசிச்சிகீறாரு. ரெண்டு போகமா ஒரு குருவி கிட்ட வர்ல."

அண்ணனுக்கு அந்த ஊரில் நான் கேட்ட முதல் பாராட்டு அதுதான். ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று தெரியவில்லை.

நாயுடு நாடாவில் ஒரு துண்டை அவிழ்த்து விரலில் வைத்துத் தேய்த்தார். பழுப்பெல்லாம் கையோடு வந்துவிட்டது. "பவுடரு கொட்டிப் பூட்ச்சி சார். வெயில்ல செத்துப் பூட்ச்சி. மிஷின்ல போட்டா வெறும் காத்துதான்." அவர் குரலும் இறங்கியிருந்தது. நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணனிடம் போய் என்ன சொல்வது? குருவி ஓட்ட உதவியது என்று சொல்ல முடியுமா? பாஷ்யம் பக்கத்தில் வந்து நின்றார்.

ராஜம்மாவுக்கு என் நிலைமை புரிந்ததோ என்னவோ, "மீதி வேணும்னா மாட்டுக் கொட்டாயில கீது நைனா," என்றார். "அவ்ளோ நீளம் தேவப்படல. ஆணில மாட்டி வெச்சிகினேன், அடுத்த போகத்துக்கு ஆவும்னு."

நான்கு பேரும் ஓடினோம். மாட்டுக்கயிறுக்கும் அரிவாளுக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்பூல், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகத் தொங்கியது. உள்சுற்று அப்படியே இருந்தது. நாயுடு அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "மொதல்ல இருந்த பாகந்தான் வயலுக்குப் பூட்ச்சி. கடைசி பாகம் இங்க கீது சார்."

எடுத்துக்கொண்டு நகர முடியவில்லை. ராஜம்மா வாசலை மறித்து நின்றார். "அது சரி. அறுப்பு வர்ற வரைக்கும் நான் இன்னா கட்டறது? வேற ஒண்ணு குட்த்துட்டுப் போங்க."

நியாயம்தான். ஆனால் எதைக் கட்டுவது என்று இரண்டு மேதைகளும் ஆரம்பித்துவிட்டார்கள். நாயுடு கொண்டாடுகிற ஒரு வித்வான் பெயரைச் சொல்லி, "அவர் டேப்பைக் கட்டச் சொல்லுங்கோ, குருவி என்ன, காக்கா கூட வராது," என்றார் பாஷ்யம். "சாமி வெச்சிகீறாரே, அந்த வயலினக் கட்டச் சொல்லுங்க. கீறல் சத்தத்துக்கு எலியும் வராது," என்றார் நாயுடு. நான் பையைத் திறந்து எங்கள் ஊர்க் கோயில் நாதஸ்வரத்தை எடுத்து ராஜம்மாவிடம் கொடுத்தேன். "புதுசு. நல்லா மின்னுதே," என்று வாங்கிக்கொண்டார். இருவருமே ஆட்சேபிக்கவில்லை. தைப்பூசக் கடவுள் மன்னிக்கட்டும்.

நாயுடு மிஷினிலேயே போட்டுப் பார்த்திருக்கலாம். பாஷ்யம் விடவில்லை. "இவன் மிஷின்ல கேட்டா உங்க அண்ணா குதிரை வண்டி ஓட்டற மாதிரி இருக்கும். எடுத்த மிஷின்லயே கேக்கணும். பாய் ஆத்துக்குப் போகலாம்." ஆகவே பொன்னேரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பழவேற்காட்டுக்கு இன்னொரு பஸ். இரண்டாவதில் கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவில் நின்றேன். பாஷ்யம் மேல்துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, அதன் வழியாகவே பாகவதரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். பினாங்கில் படகேறினால் அக்கரை வரும்வரை பக்கத்தில் இருப்பவன் வாய் திறக்கமாட்டான். அந்த ஊரின் அருமை இந்த பஸ்ஸில்தான் எனக்குத் தெரிந்தது.

மீரான் பாய் ஏரிக்கரையில் மளிகையும் வலைநூலும் விற்கிற கடை வைத்திருந்தார். தாடி நரைத்த, நிதானமான மனிதர். ஒரு காலத்தில் எங்கள் ஊருக்கு வியாபாரத்துக்கு வந்து போனவர். எங்கள் கடைத்தெருவையே தெரிந்து வைத்திருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், அவரும் மொதல்ல இதக் கேளுங்க என்று எதையாவது மாட்டப்போகிறார் என்று பயந்தேன்.

"மொதல்ல சாப்புடுங்க தம்பி," என்றார்.

அவருக்கு ஆயுசு நூறு. இறால் வறுவலும் சோறும் வந்தன. நானும் நாயுடுவும் வெட்கமில்லாமல் சாப்பிட்டோம். பாஷ்யத்துக்கு இளநீர் வெட்டினார்கள். கேட்காமலே வெட்டினார்கள். அதிலிருந்து அவர் அங்கே வருவது புதிதல்ல என்று தெரிந்தது.

பாய் பழைய மிஷினைத் தூசு தட்டி எடுத்து வைத்தார். பக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த புதியது ஒன்று. பழையது பாட, அதன் எதிரே மைக் வைத்துப் புதியதில் என் ஸ்பூலில் பதிவதாக ஏற்பாடு. "மைக் தெறந்து கெடக்கும். யாரும் பேசக்கூடாது," என்றார் பாய், பாஷ்யத்தைப் பார்த்து. நாயுடு கசங்கின முனையை வெட்டி ஒட்டினார். ஒட்டின இடத்தை ஸ்கேல் வைத்து இரண்டு தடவை சரிபார்த்தார். எனக்கு அவர்மேலிருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

முதலில் இரைச்சல். எங்கோ வாளி விழுகிற சத்தம். அப்புறம் மிருதங்கம், அறைக்குள்ளேயே உட்கார்ந்து வாசிப்பதுபோல.

கைலி மடிக்கிற கையைத்தான் எனக்குத் தெரியும். அதே கை இது. எனக்குத் தாளம் தெரியாது, கணக்குத் தெரியாது. ஆனால் இவ்வளவு சந்தோஷம் ஒரு மனிதனுக்குள் இருந்தது என்பதும், அதைப் பரண்மேல் ஏற்றிவிட்டுத்தான் எங்களுக்கு அவர் சோறு போட்டார் என்பதும் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள வெட்கப்படவில்லை. வாசிப்பு வேகம் பிடித்து, ஒரு முடிவுக்கு வந்தது. பாட்டு வரவில்லை. மிருதங்கம் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அதே முடிவுக்கு வந்தது. இந்தத் தடவை பாகவதர் பிடித்துக்கொண்டார். அதோடு டேப் தீர்ந்தது.

பாய் நிறுத்தக் கையை நீட்டினார். அதற்குள் நாயுடு வாயைத் திறந்துவிட்டார்.

"மொத தபா தப்பிப் பூட்ச்சி. எடுப்புக்கு வர வேண்டியவரு ஒரு சுத்து தவற உட்டுட்டு, அப்பால வந்து புடிச்சாரு."

"யாரு? பினாங்குப் பையன் தவற விடறதா?" பாஷ்யம் எழுந்துவிட்டார். "நான் அங்கே இருந்தேன் ஓய்! அவன் எடுப்புக்குச் சுத்தமா வந்தான். பாகவதர்தான் தப்ப விட்டார்!"

"பாகவதரு தப்புவாரா? சாமி, தாளத்த கையில போட்டுப் பாரு!"

"நீ போட்டுப் பாருடா! இந்தப் பையன் வலந்தலையும் இடந்தலையும் பேசற அழகென்ன, இதைப் போய் வெட்டினியே, உன் கைல..."

"நீ மட்டும் கேட்டியா? தனிய யாரு கேக்கப்போறான்னு சொன்னது நீதானே?"

இரண்டு நாளாக என் வழியாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நேருக்கு நேர் நின்று, தொடையில் அடித்து, விரல் விட்டு எண்ணி, கத்திக்கொண்டிருந்தார்கள். பெரிய வித்வான்களுக்காக மட்டுமே அவர்கள் போடுகிற சண்டை. இப்போது அதை என் அண்ணனுக்காகப் போடுகிறார்கள். வந்த நாளிலிருந்து இவர்கள் வாயை மூட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த நான், பாயின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நிறுத்தாதீங்க பாய். ஓடட்டும்."

ஸ்பூல் தீரும்வரை ஓடியது.

பினாங்கில் அண்ணனைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். தனி முடிந்தது. சண்டை ஆரம்பித்தது. நிறுத்தப் போனேன். இடது கையைத் தூக்கி, "இரு," என்றார். கடைசிவரை கேட்டார்.

"திருப்பிப் போடு."

முதலுக்குத் திருப்பினேன்.

"அது இல்லப்பா. அவங்க பேசறதைப் போடு."

மூன்று தடவை போடச் சொன்னார். பிறகு கண்ணைத் திறந்தார். "ரெண்டு பேருமே தப்பு. நான் எடுப்புக்குச் சரியாத்தான் வந்தேன். பாகவதர் வாய் நிறைய வெத்தலை. எல்லாரும் பந்திக்குப் போயிட்டாங்களா, எச்சில் கிண்ணியை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. அவர் துப்பிட்டு வர்றவரைக்கும் இன்னொரு சுத்து வாசிச்சேன். எழுதிப் போடு அவங்களுக்கு."

கை விழுந்த பிறகு அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். எழுதிப் போட்டேன்.

பதில் இரண்டும் ஒரே கப்பலில் வந்தன. பாகவதர் மேடையில் வெற்றிலை போடமாட்டார், உங்கள் அண்ணாவுக்கு ஞாபகப் பிசகு என்று பாஷ்யம் எழுதியிருந்தார். பாட்டை எடுத்த முதல் எழுத்து சுத்தமாக விழுகிறது, வெற்றிலை போட்ட வாய்க்கு அது வராது என்று நாயுடு எழுதியிருந்தார். கடைசி வரி மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். உங்கள் அண்ணன் இந்தப் பக்கம் வேறு எங்கெல்லாம் தனி வாசித்தார், அந்த டேப்புகள் யாரிடம் இருக்கின்றன?

வாங்கி வந்த கைலி மூட்டை இன்னும் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. அண்ணன் இடது கையால் நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டு, இருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டே போகிறார். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடை திறக்கிற நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. முடிக்கிற வழியாகத் தெரியவில்லை.